பழைய ஊசிவேலை ஆண் உடுப்புகள்: வன்னியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேரனாரின் சால்வை, முதலியார் (ஆங்கிலேயர் காலத்து உள்ளூர் அதிகாரி) கோட்டு, கத்தோலிக்கக் கோயிலில் கிடக்கும் பழைய பூசை உடுப்பு, கூத்து அரசனின் வெல்வெற் உடுப்பு என்று கையால் ஊசிவேலை செய்த ஆண்களின் உடுப்புகள் வன்னியில் இன்னும் சில பெட்டிகளுக்குள் இருக்கின்றன. இடப்பெயர்வுக்குள்ளால் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்த துணி, எலுமிச்சம்புளி போட்டுத் தேய்த்த ஒரே பின்னேரத்தில் போய்விடுவதுதான் எங்களுக்குப் பொறுக்கமுடியாத விடயம். அதனால் இந்தப் பக்கத்தில் "செய்யாதீர்கள்" என்ற சொல் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

சால்வைக் கரையில் சரிகை இருக்கிறது. இது ஊசிவேலைதானா?

பெரும்பாலும் இல்லை. பட்டு வேட்டி, சால்வை, மாப்பிள்ளைத் தலைப்பாகை ஆகியவற்றில் இருக்கும் சரிகை தறியிலேயே நெய்யப்பட்டது. துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். நெய்த சரிகை துணியின் நெடுக்கு இழையோடோ குறுக்கு இழையோடோ ஒரே நேராகப் போகும். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாண்டும் இழைகளும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகவே கிடக்கும். ஊசிவேலையில் இழை எந்தத் திசையிலும் திரும்பும், வளையும், நெசவைச் சரிவாகக் கடக்கும். ஒவ்வொரு தையலும் துணியைத் துளைத்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தத் துளைகள் தெரியும்.

நெய்தது என்று தெரிந்தால் மதிப்புக் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். வைத்துப் பேணும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கைவேலையா, மெஷின் வேலையா என்று எப்படிப் பிரிப்பது?

இதற்கும் பின்பக்கம்தான் பதில் சொல்லும். கைவேலையில் ஒரே நூல்தான் முன்னும் பின்னும் போய்வரும். ஓர் இலையை முடித்தவர் நூலை வெட்டாமல் பக்கத்து இலைக்கு இழுத்துச் சென்ற தடம் பின்னால் குறுக்காகக் கிடக்கும். தையல்களின் நீளம் ஒரே அளவாக இருக்காது. மெஷின் வேலையில் முன்பக்க நூல் ஒன்று, பின்பக்க நூல் வேறொன்று. பின்னால் இருப்பது பெரும்பாலும் மெல்லிய வெள்ளை நூல், முன்பக்க நூலை இடைக்கிடை பிடித்துப் பூட்டியிருக்கும்.

ஏமாற்றும் வகை ஒன்று உண்டு. 1828 இல் ஜோசுவே ஹைல்மன் பிரான்சில் உருவாக்கிய எம்பிராய்டரி மெஷின் ஒரே நூலால், கை ஊசி போலவே துணிக்குள்ளால் போய்வரும். அதன் பின்பக்கமும் கைவேலை மாதிரியே தெரியும். அப்போது பூக்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். மூன்றாவது இதழில் ஒரு தையல் வெளியே தள்ளியிருந்தால், அடுத்த பூவிலும் அதற்கடுத்த பூவிலும் அதே இதழில் அதே பிழை இருக்கிறதா? இருந்தால் மெஷின். கையால் செய்பவர் ஒவ்வொரு பூவிலும் வேறு வேறு இடத்தில்தான் பிழைவிடுவார்.

உடுப்பின் காலத்தை வீட்டில் இருந்தே கணிக்க முடியுமா?

இந்த ஆண்டு என்று சொல்ல முடியாது. "இதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை" என்று சொல்ல முடியும். ஊதா நிறச் செயற்கைச் சாயம் 1856 இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு நூலில் பூட்டித் தைக்கும் ஷிஃப்லி எம்பிராய்டரி மெஷின் 1863 இல் வந்தது. பிளாஸ்ரிக் பூசிய மினுக்க இழையான லுரெக்ஸ் 1946 இல் வந்தது. தையல் மெஷின் பரவலானது 1850களுக்குப் பிறகு. ஆகவே ஓரம் முழுவதும் மெஷினால் மூட்டியிருந்தால் உடுப்பு அதற்குப் பிந்தியது.

அல்லது ஊசிவேலை பழையது, உடுப்புப் புதியது. இதை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். பூசை உடுப்புகளில் அடித்துணி நைந்ததும், தங்க நூல் சிலுவையையோ திராட்சைக் கொடியையோ வெட்டியெடுத்துப் புதிய பட்டில் ஒட்டித் தைப்பது வழமை. வெட்டிய ஓரத்தை மறைக்க உருவத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கயிறு வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தக் கயிற்றைக் கண்டால் இரண்டு வேறு காலங்களைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று கொள்ளுங்கள்.

பூசை உடுப்புத் தொகுதியோடு குருவின் இடது கையில் தொங்கும் குறுகிய பட்டி ஒன்றும் இருந்தால் அது பெரும்பாலும் 1967 க்கு முந்தியது. அந்த ஆண்டோடு அந்தப் பட்டி கட்டாயம் என்பது நீங்கியது.

உண்மையான சரிகை என்றால் என்ன? எங்களுடையது உண்மைதானா?

வெள்ளிக் கம்பியை மயிர்போல இழுத்து, தட்டையாக்கி, பட்டு நூலின் மேல் சுற்றுவார்கள். பொன் நிறம் வேண்டுமென்றால் வெள்ளிக்குமேல் மிக மெல்லிய தங்கப் பூச்சு. உள்ளே மஞ்சள் பட்டு நூல், இடைவெளி தெரிந்தாலும் பொன்னாகவே தோன்ற. வெள்ளிச் சரிகைக்கு உள்ளே வெள்ளை நூல். மலிவானதில் செம்புக் கம்பியும் பருத்தி நூலும். மிகப் பிந்தியதில் பிளாஸ்ரிக்.

ஏற்கனவே உதிர்ந்து பெட்டிக்குள் கிடக்கும் ஒரு சிறு துண்டு இருந்தால் மட்டும் அதைச் சிமிட்டாவால் பிடித்து நெருப்பில் காட்டிப் பாருங்கள். பட்டு கருகி, தலைமயிர் எரிந்த மணம் வரும். உலோகச் சுருள் அப்படியே எஞ்சும். பிளாஸ்ரிக் உருகி ஒரு மணியாகச் சுருளும். சோதனைக்காக உடுப்பிலிருந்து வெட்டாதீர்கள்.

முதலியார் கோட்டு, பூசை உடுப்பு ஆகியவற்றில் தங்க நூல் மேலெழும்பி நிற்கிறதே, அதை எப்படிச் செய்தார்கள்?

தங்க நூலைத் துணிக்குள்ளால் இழுத்தால் உலோகச் சுற்று உரிந்துவிடும். ஆகவே அது துணியின் மேலேயே கிடக்கும். வேறொரு மெல்லிய பட்டு நூல் அதை இடைக்கிடை கட்டிப் பிடிக்கும். இந்த ஒரு விடயம் புரிந்தால் பழுதுபார்ப்பதில் பாதி புரிந்த மாதிரி.

வேலை சட்டத்தில்தான் நடக்கும். மரச் சட்டத்தில் முதலில் உறுதியான பருத்தித் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் பட்டையோ வெல்வெற்றையோ வைத்துத் தைப்பார்கள். தங்க வேலையின் பாரத்தைத் தாங்குவது அந்த அடித்துணி. கோலத்தைக் கடதாசியில் வரைந்து, கோட்டின் மேல் 1 முதல் 2 மில்லிமீற்றர் இடைவெளியில் ஊசியால் குத்துவார்கள். அதைத் துணியில் வைத்து, வெளிர் துணியென்றால் கரித்தூளையும் கடும் நிறத் துணியென்றால் சுண்ணாம்புத் தூளையும் ஒரு சிறு துணிப் பொட்டலத்தால் ஒற்றினால் புள்ளிகள் இறங்கும். புள்ளிகளை மெல்லிய தூரிகையால் இணைத்தால் கோலம் தயார்.

எழும்பி நிற்க வேண்டிய இடத்தில் பருத்திக் கயிறு அல்லது அடுக்கடுக்கான கம்பளித் துணி. மூன்று அடுக்கு என்றால் மிகச் சிறிய துண்டு முதலில், மிகப் பெரியது கடைசியில். அப்போதுதான் மேடு வழவழப்பாக இருக்கும். அதன்மேல் தங்க நூலை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கிடத்தி, 3 முதல் 4 மில்லிமீற்றருக்கு ஒரு கட்டு. அடுத்த வரியின் கட்டுகள் முந்திய வரியின் கட்டுகளுக்கு நடுவில் விழும், செங்கல் அடுக்குவது போல. கட்டும் நூலைத் தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்தெடுப்பார்கள். மெழுகு பூசாத நூல் உலோகத்தோடு உரசி விரைவில் பஞ்சாகிவிடும். வரி முடிந்ததும் நுனிகளைப் பெரிய காதுள்ள ஊசியால் பின்னுக்கு இழுத்து, அங்கே 1 சென்ரிமீற்றர் அளவுக்கு மடித்துத் தைப்பார்கள்.

பளிச்சென்று சுருள்சுருளாகத் தெரிவது வேறு. அது உள்ளே வெறுமையான கம்பிச் சுருள். சர்தோசி (வட இந்தியத் தங்க நூல் ஊசிவேலை) வேலைக்காரர் அதில் ஒரு வகையை தப்கா என்பார்கள். அதைத் துண்டாக வெட்டி, மணி கோப்பது போல ஊசியில் கோத்துத் தைப்பது. துண்டு அரை மில்லிமீற்றர் நீண்டால் வளைந்து தூக்கி நிற்கும், குறைந்தால் அடியில் நூல் தெரியும். பழைய வேலையில் ஐம்பது துண்டும் மேட்டின் வளைவுக்குச் சரியாக உட்கார்ந்திருப்பதைப் பூதக்கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒவ்வொன்றும் கண்ணால் அளந்து வெட்டியது.

வெளிநாட்டு உறவினரிடம் ஐரோப்பிய ஊசிவேலை இடைச்சட்டை ஒன்று இருக்கிறது. முன்பக்கம் பூ மயம், முதுகு வெறும் பருத்தி. முதுகை யாரோ மாற்றிவிட்டார்களா?

இல்லை, பெரும்பாலும் அது அப்படித்தான் பிறந்தது. 18 ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆண்கள் அந்தச் சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டார்கள்; முதுகு வெளியே தெரியாது. முன் இரண்டு பாகம், பைகளின் மூடி, தெறிகளுக்கான வட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டுத் துணியில் வரைந்து, வெட்டாமலேயே ஊசிவேலை செய்து விற்றார்கள். வாங்கியவர் தன் தையற்காரரிடம் கொடுத்து உடம்புக்கு அளவாக வெட்டித் தைப்பித்தார். ஆகவே ஓரத்தில் கொடி பாதியில் மடிந்து உள்ளே போயிருந்தால் அது மெலிந்த ஆளுக்குத் தைத்தது; குறை அல்ல. தெறிகளைக் கழற்றாதீர்கள். அந்த ஊசிவேலைத் துணிக்குள் சிறு மரக் கட்டை இருக்கும். ஈரம் பட்டால் அது கறை விடும்.

நீளமும் காலம் சொல்லும். நூற்றாண்டின் தொடக்கத்தில் முழங்காலை நெருங்கிய சட்டை, முடிவில் இடுப்பளவுக்குக் குறுகிவிட்டது.

அதில் சமிக்கி இருந்தால் ஒன்றை உற்றுப் பாருங்கள். அக்காலச் சமிக்கி, கம்பி வளையத்தைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கியது. நடுத் துளையிலிருந்து விளிம்புவரை வளையம் பொருந்திய கோடு ஒன்று தெரியும். அச்சில் வெட்டிய பிற்காலச் சமிக்கியில் அந்தக் கோடு இருக்காது.

லக்னோ வெள்ளை வேலை, காஷ்மீர்ச் சால்வை?

லக்னோவின் சிக்கன் வேலையில் (வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் ஊசிவேலை) கோலத்தை மர அச்சால் கழுவினால் போகும் நீலத்தில் பதித்து, தைத்து முடித்த பிறகு கழுவுவார்கள். ஆகவே அது ஏற்கனவே தண்ணீர் கண்ட வகை. நல்ல நிலையில் இருக்கும் வெள்ளைப் பருத்தியைக் கழுவலாம். அதன் வலை போன்ற பகுதியில் இழை எதுவும் வெட்டப்படுவதில்லை, ஊசியால் விலக்கி இறுக்கியது மட்டும்.

காஷ்மீர்ச் சால்வையில் நெய்த வகையும் ஊசியால் செய்த வகையும் உண்டு. கம்பளி என்பதால் அந்துப் பூச்சிதான் முதல் பகை.

கழுவலாமா?

சரிகை, வெல்வெற், வண்ணப் பட்டு நூல், சமிக்கி, உள்துணி இவற்றில் ஒன்று இருந்தாலும் கழுவாதீர்கள். உள்துணியும் மேல்துணியும் ஒரே அளவில் சுருங்காது. காய்ந்ததும் முன்பக்கம் பொக்கைபொக்கையாக நிற்கும். பழைய சிவப்பு நூல் தண்ணீர் கண்டதும் ஓடும். செம்புச் சரிகை பச்சை விடும். உள்ளே திணித்த கடதாசி அட்டையோ கஞ்சியோ கரைந்து மஞ்சள் வளையமாக வெளியே வரும். உலர்சலவைக் கடையும் தீர்வு அல்ல. அங்கே உருட்டும் இயந்திரத்தில் தங்கச் சுருள்கள் உடையும்.

வெறும் வெள்ளைப் பருத்தி என்றால் முதலில் சாயச் சோதனை. காய்ச்சி வடித்த தண்ணீரில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து மறைவான இடத்தில் 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். குச்சியில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள். ஏறாவிட்டால் அகன்ற தாச்சி, சுண்ணம் இல்லாத தண்ணீர், மணமில்லாத மெல்லிய திரவச் சவர்க்காரம் லீற்றருக்குச் சில துளி. வன்னியின் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணம் நூலிலும் படிந்து துணியை விறைக்க வைக்கும். கடைசி இரண்டு அலசலுக்காவது வடித்த தண்ணீர் பாவியுங்கள். தூக்குவதென்றால் நுளம்பு வலைத் துண்டு ஒன்றை அடியில் விட்டு வலையோடு தூக்குங்கள். ஈரத் துணியை நுனியில் பிடித்துத் தூக்கினால் அதன் பாரமே கிழித்துவிடும். பிழிய வேண்டாம், நீலம் வேண்டாம், கஞ்சி வேண்டவே வேண்டாம்.

மற்ற எல்லா உடுப்புக்கும் தூசி நீக்குவது மட்டும்தான். செம்மண் தூசி கூரான மணல்; மடிக்கும்போதெல்லாம் அது நூலை அறுக்கும். நுளம்பு வலையை எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கி உடுப்பின் மேல் வைத்து, வலைக்கு மேலால் மிகக் குறைந்த வேகத்தில் தூசி உறிஞ்சியைப் பிடியுங்கள். வலை இல்லாமல் உறிஞ்சினால் தளர்ந்த சமிக்கி உள்ளே போய்விடும். உறிஞ்சி இல்லையென்றால் மென்மையான தூரிகையால் நெசவின் திசையில், ஒரு பக்கமாகத் தள்ளுங்கள்.

சால்வையில் குங்குமமும் சந்தனமும் பட்டுவிட்டது.

நனைக்காதீர்கள். குங்குமம் தூளாக இருக்கும்வரை துணிக்கு மேலேதான் இருக்கிறது. ஈரம் பட்டதும் சாயமாகி உள்ளே போகும். சந்தனம் நன்றாகக் காயட்டும், பிறகு விரல் நகத்தால் சுரண்டாமல் தூரிகையால் உதிர்க்கலாம். விபூதியும் அப்படியே. நிற்பது நிற்கட்டும்.

சரிகை கறுத்துவிட்டது. பழைய பளபளப்பை எப்படிக் கொண்டுவருவது?

கொண்டுவர முயற்சிக்காதீர்கள். இந்தக் கேள்விக்குப் பலர் எதிர்பார்க்கும் பதில் இது அல்ல என்று தெரியும்.

வெள்ளி, காற்றிலும் துணியிலும் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கிறது. தங்கப் பூச்சு மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லியது; அதன் நுண்ணிய இடைவெளிகளுக்குள்ளால் அடியிலுள்ள வெள்ளி கறுத்து மேலே வருகிறது. எலுமிச்சம்புளி, பழப்புளி, பற்பசை, அப்பச் சோடா, நகை கழுவும் திரவம் எதுவும் கறுப்பை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்காது. தங்கத்தையும் சேர்த்தே எடுக்கும். ஒரு நாள் பளபளக்கும். பிறகு முன்பைவிட வேகமாகக் கறுக்கும், இந்தமுறை அடியில் தங்கம் இல்லாமல். அதோடு அந்தப் புளிப்பு உள்ளே இருக்கும் பட்டு நூலில் தங்கி அதைத் தின்னும். உலோகச் சுற்றுக்குள் போனதை எந்தத் தண்ணீராலும் அலசி எடுக்க முடியாது. சில ஆண்டுகளில் சரிகை தொட்ட இடத்தில் ஒடியும்.

மேலும் கறுக்காமல் தடுக்கலாம். இறப்பர் வளையத்தால் கட்டாதீர்கள், இறப்பர் விரிப்பில் வைக்காதீர்கள், கம்பளியோடு சேர்த்து மடிக்காதீர்கள். மூன்றிலும் கந்தகம் உண்டு. வெறுங்கையால் தொடாதீர்கள், விரல் வியர்வையின் உப்பு சில மாதங்களில் கைரேகையாகவே சரிகையில் எழும்பும். முல்லைத்தீவு, கொக்கிளாய், அளம்பில் போன்ற கரையோர ஊர்களில் கடற்காற்றின் உப்பால் செம்புச் சரிகை பச்சை பூக்கும். அங்கே பெட்டி வீட்டின் உள் அறையில், கடலைப் பார்த்த யன்னலுக்கு எட்டவாக இருக்க வேண்டும்.

கூத்து உடுப்பின் சமிக்கி தண்ணீர் பட்ட இடத்தில் கரைந்துவிட்டது. இது எப்படி?

அது ஜெலற்றின் சமிக்கி. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரம் குறைந்தது என்பதற்காகப் பெருமளவில் பாவனைக்கு வந்தது. தண்ணீரில் கரையும், சூட்டில் சுருளும், வியர்வையில் ஒட்டும். அதே காலத்தில் செலுலோயிட் சமிக்கியும் உண்டு; அது எளிதில் தீப்பிடிக்கும். கூத்து உடுப்புகளைத் தீவட்டிக்கும் சூடான விளக்குகளுக்கும் எட்டவாக வைக்க இதுவே போதிய காரணம்.

சோதிப்பதற்கு உதிர்ந்த சமிக்கி ஒன்றை ஒரு துளி தண்ணீரில் 5 நிமிடம் விடுங்கள். மெதுமையாகி வழுக்கினால் ஜெலற்றின். அப்படியான உடுப்பை ஈரத் துணியால்கூடத் துடைக்காதீர்கள். மாரி காலத்தில் மடித்தால் சமிக்கிகள் ஒன்றோடொன்று ஒட்டும். இடையில் பருத்தித் துணி விடுங்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். ஆடுபவருக்குப் புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டுப் பழையதை வைத்துக்கொள்வதே நல்லது.

வன்னிக் காலநிலையில் எப்படி வைப்பது?

இங்கே சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் வறட்சியும் தூசியும், ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் ஈரமும். காற்றின் ஈரப்பதம் நீண்ட நாட்களுக்கு 65 வீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஆகவே மாரிக்கு முன் புரட்டாதியில் ஒருமுறை, மழை முடிந்து தை மாதத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

வெயிலில் காய வைக்காதீர்கள். பட்டைப் போல வெயிலால் கெடும் துணி வேறில்லை. காலை 9 மணிக்குப் பிறகு, விறாந்தையின் நிழலில், சுத்தமான பாயில் வெள்ளைத் துணி விரித்து, 2 மணிநேரம் போதும்.

சுற்றுவதற்கு மிக நல்ல துணி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: பல ஆண்டு தோய்த்துத் தேய்ந்த வெள்ளைப் பருத்தி வேட்டி. கஞ்சியும் நீலமும் முற்றாகப் போக வெந்நீரில் மூன்று முறை அலசிக் காய வைத்துப் பாவியுங்கள். பொலித்தீன் உறை வேண்டாம். உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். செய்தித்தாளும் வேண்டாம்.

பாரமான தங்கவேலை உடுப்பைத் தொங்கவிடாதீர்கள். தோள் கிழியும். முழுதாக விரித்து, வேலை மேலே பார்க்கக் கிடத்துங்கள். மடித்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் வேட்டித் துணியைச் சுருட்டி, கைவிரல் இரண்டின் தடிப்பில் வையுங்கள். அடுத்தமுறை திறக்கும்போது மடிப்பை 5 சென்ரிமீற்றர் தள்ளிப் போடுங்கள். சால்வை போன்ற தட்டையானவற்றை 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அட்டைக் குழாயில் சுருட்டலாம். குழாய்க்கு முதலில் அலுமினியத் தாள், மேல் பருத்தித் துணி. ஊசிவேலையும் வெல்வெற்றின் மயிரும் வெளிப்பக்கமாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய்க்குப் பாவிக்கும் பி.வி.சி. வேண்டாம், அது காலப்போக்கில் அமில ஆவி விடும்.

இரும்புப் பெட்டியென்றால் உட்புறத்தில் துணி அடுக்கு கட்டாயம். பெட்டியைச் சீமெந்து நிலத்தில் வைக்காமல் இரண்டு கட்டை மேல் ஏற்றுங்கள். கறையானும் ஈரமும் நிலத்திலிருந்துதான் வரும்.

பூச்சி பிடித்துவிட்டது. பூச்சி உருண்டை போடலாமா?

உருண்டை பூச்சியை விரட்டுமே தவிர, உள்ளே ஏற்கனவே இருக்கும் முட்டையைக் கொல்லுமென்று நம்ப முடியாது. துணியைத் தொட்டால் மஞ்சள் பிடிக்கும். சில பிளாஸ்ரிக் தெறிகளையும் மணிகளையும் இளக வைக்கும். வேப்பிலை போடுவதென்றால் நன்றாகக் காய்ந்த இலையைத் துணிப் பையில் கட்டி, பெட்டியின் மூலையில், உடுப்பில் படாமல் வையுங்கள்.

முதலில் யார் வந்திருக்கிறார் என்று பாருங்கள். மேற்பரப்பை மட்டும் சுரண்டியது போல இருந்தால் வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடும் இராமபாணப் பூச்சி. கஞ்சிக்கு வருவது அதுதான். கம்பளியில் ஒழுங்கற்ற ஓட்டையும் பட்டு நூலாலான சிறு கூடும் இருந்தால் அந்துப் பூச்சியின் புழு. மயிர் முளைத்த வெறும் தோல்கள் கிடந்தால் கம்பள வண்டு. சரிகையை எதுவும் தின்னாது. அதைக் கட்டியிருக்கும் பட்டு நூலைத் தின்றுவிடும். அதனால்தான் ஒரு நாள் திறக்கும்போது தங்க நூல் கொத்தாகத் தொங்குகிறது.

உறைய வைப்பதே மருந்து. உடுப்பைப் பருத்தித் துணியில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுக ஒட்டுங்கள் (பொலித்தீன் இந்த ஒரு வேலைக்கு மட்டும்). பூச்சியம் பாகைக்குக் கீழே 18 பாகை செல்சியஸில் 2 கிழமை. சாதாரண பிரிட்ஜின் சிறு ஐஸ் அறை அவ்வளவு குளிராது. தெரிந்த கடையின் ஆழ்குளிர்ப் பெட்டியைக் கேளுங்கள். இடையில் பல மணிநேரம் மின்சாரம் நின்றால் நாட்களைத் தொடக்கத்திலிருந்து எண்ணுங்கள். வெளியே எடுத்ததும் பையை 24 மணிநேரம் திறக்கக்கூடாது. அவசரப்பட்டால் குளிர்ந்த சரிகையின் மேல் தண்ணீர் முத்து முத்தாகப் படியும். தோல் பாகமோ பூசிய வண்ணமோ பழைய கண்ணாடி மணியோ உள்ள உடுப்பை உறைய வைக்காதீர்கள்.

யாரும் தொடாமலே பட்டு கீற்றுக் கீற்றாகக் கிழிகிறது. ஏன்?

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பட்டை நிறையால் விற்றார்கள். நிறை ஏற்ற வெள்ளீய உப்புகளில் தோய்த்தார்கள். அந்த உப்பு இழையை உள்ளிருந்தே நொறுக்குகிறது. இதைத் தைத்து மூட்ட முடியாது. ஒவ்வொரு ஊசித் துளையும் முத்திரைத் தாளின் துளை வரிசை போல அடுத்த கிழிசலுக்கு வழி விடும். அசைக்காமல், விரித்த நிலையில், மேலே மெல்லிய துணி மூடி வைப்பதுதான் செய்யக்கூடியது. ஒட்டும் பசையும் செலோரேப்பும் அதை நிரந்தரமாக அழித்துவிடும்.

தங்க நூல் தளர்ந்து தொங்குகிறது. நாங்களே தைக்கலாமா?

அடித்துணி உறுதியாக இருந்தால் தைக்கலாம். நல்ல பகல் வெளிச்சத்தில், வேலை முழுவதும் மேசையில் கிடக்கும்படி வையுங்கள். தொடங்குமுன் பக்கத்தில் அளவுகோல் வைத்து முன்னும் பின்னும் படம் எடுங்கள். கைத்தொலைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மேடு பள்ளம் படத்தில் தெரியும்.

10 அல்லது 12 ஆம் இலக்க மெல்லிய ஊசி. பட்டு நூல், கிடைக்காவிட்டால் ஆறு இழை எம்பிராய்டரி நூலில் ஒரேயொரு இழை, நிறம் சரிகையைவிட ஒரு படி மங்கலாக. நீளம் 30 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். தேன்மெழுகில் இழுத்து, விரலிடையில் உருவி, மிகுதி மெழுகை நீக்குங்கள். காட்டுத் தேன் எடுப்பவர்களிடம் மெழுகு கேட்கலாம். உருக்கி, துணியில் வடித்து எடுத்தது என்றால் சரி.

முடிச்சுப் போடாதீர்கள். சரிகை மறைக்கப்போகும் இடத்தில் இரண்டு சிறு பின்தையல் போட்டுத் தொடங்குங்கள். தொங்கும் நூலை அதன் பழைய தடத்தில் கிடத்துங்கள். துணியில் நிறம் மங்காத கோடாக அந்தத் தடம் தெரியும். பழைய கட்டுகளின் துளைகளையே ஊசிக்குப் பாவியுங்கள். ஒரு துளையால் மேலே வந்து, சரிகையைத் தாண்டி, அதே துளைக்குள் அல்லது ஓர் இழை தள்ளி இறங்குங்கள். சரிகை அசையாத அளவுக்குத்தான் இறுக்கம். நூல் சரிகையில் பள்ளம் போட்டால் அது மிகை, தளர்த்துங்கள்.

வழமையாக நடக்கும் பிழைகள் இரண்டு. ஒன்று, நீட்டித் தொங்குவதை வெட்டி எறிவது. வெட்டிய நுனியிலிருந்து உலோகச் சுற்று அவிழ்ந்துகொண்டே போகும். மற்றது, உள்துணியையும் சேர்த்துத் தைத்துவிடுவது. அடுத்த நாள் முன்பக்கம் சுருங்கி இழுபடும். இடது கை விரலை இரண்டு துணிக்கும் இடையில் விட்டுக்கொண்டு தைத்தால் இது நடக்காது. உள்ளே கை போகாத இடத்தில் வளைந்த ஊசி.

உதிர்ந்த ஒவ்வொன்றையும், அரைத் துண்டுச் சுருளையும்கூட, சிறு கடதாசி உறையில் இட்டு எந்த இடத்தில் விழுந்தது என்று பென்சிலால் எழுதி உடுப்போடு வையுங்கள்.

இரும்புப் பெட்டித் துருக்கறை?

உப்பும் எலுமிச்சம்புளியும் போடாதீர்கள். துரு கொஞ்சம் போகும், பருத்தி அதைவிட அதிகமாகப் போகும். துருவுக்கு மேலும் கீழும் வெள்ளைத் துணி வைத்து மற்ற மடிப்புகளுக்குப் பரவாமல் பிரியுங்கள். ஈரம் இல்லாத இடத்தில் அது வளராது.

கலியாணத்துக்கு ஒருமுறை போடலாமா?

சால்வையைத் தோளில் ஒரு மணிநேரம் போடலாம், மடிப்பில் கிழிசல் இல்லையென்றால். கைகள் உள்ள உடுப்பு வேண்டாம். பழைய காலத்துத் தோள் வெட்டு ஒடுங்கியது. கையை உயர்த்தியதும் அக்குள் போகும். வாசனைத் திரவியம் அடித்துவிட்டுப் போடாதீர்கள். கழற்றியதும் நிழலில் ஓரிரவு விரித்து, வியர்வை முற்றாகக் காய்ந்த பிறகே மடியுங்கள்.

அயன் பண்ண வேண்டாம். மடிப்புச் சுருக்கத்தின் மேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கண்ணாடித் தட்டு ஒன்றை இரண்டு நாள் வையுங்கள். வெல்வெற்றுக்கும் மேடான வேலைக்கும் அதுவும் வேண்டாம்.

கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பலாமா?

இலங்கையில் தொல்பொருள் எனக் கருதப்படும் பொருளை உரிமப் பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது; 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இதைச் சொல்கிறது. உங்கள் உடுப்பு அதற்குள் வருமா என்பதைத் தொல்பொருளியல் திணைக்களத்திடம் படங்களோடு எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அனுமதி கிடைத்தால், பயணப் பெட்டியில் கடைசியாக, மேலே வைத்து, கைப்பொதியாகவே கொண்டுபோகச் சொல்லுங்கள். யாருடையது, எந்த ஊர், எப்போது உடுத்தது என்று ஒரு தாளில் எழுதி, சுற்றிய துணிக்கு வெளியே நூலால் கட்டிவிடுங்கள். குண்டூசி குத்த வேண்டாம், அது துருப்பிடிக்கும்.